வால்வு ரேடியோ சேர்ப்பது, வைப்பது, கைமாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முழுவதையும் படிக்க நேரமில்லாவிட்டால் இரண்டாவது கேள்வியையும் ஆறாவது கேள்வியையும் மட்டுமாவது படித்துவிடுங்கள். அவை இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை.

1. வால்வு ரேடியோன்னா என்ன? டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் குப்பிக்குள் மெல்லிய இழை ஒன்றைச் சூடாக்கினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே நேர்மின் தகடு ஒன்று அவற்றை இழுக்கும். 1904-ல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் காப்புரிமை வாங்கிய வால்வு இவ்வளவுதான். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார். அந்தக் கம்பிக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம் பெரிய ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஒலிபெருக்கம் அங்கே பிறந்தது.

1954-ல் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் வீட்டு ரேடியோக்களிலிருந்து வால்வு கிட்டத்தட்ட மறைந்துபோனது. ஆகவே நாம் சேர்ப்பவை பெரும்பாலும் 1920-களிலிருந்து 1960-கள் வரை வந்தவை. ஸ்விட்சைப் போட்டதும் பாடாது, சூடேற அரை நிமிடம் கேட்கும். உள்ளே 250 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் ஓடும்.

2. பரணில் ஒண்ணு கிடைச்சது. பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா?

கூடாது. ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பல வருடம் சும்மா கிடந்த செட்டில் இரண்டு விஷயங்கள் நிச்சயம் கெட்டிருக்கும். மெழுகுக் காகிதக் கண்டென்சர்களில் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) ஈரம் ஏறி மின்சாரம் கசியும். மின்சப்ளையில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களின் உட்படலம் நலிந்திருக்கும். இந்த நிலையில் நேரே மின்சாரம் கொடுத்தால் கண்டென்சர் வெடிக்கலாம். அதைவிட மோசம், மின்சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போவது. கண்டென்சர் எங்கும் கிடைக்கும். அந்த மாடலுக்குரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பது துர்லபம்.

முதலில் பின்பலகையைக் கழற்றுங்கள். எலி கடித்த வயர், உதிரும் ரப்பர் உறை, யாரோ ஃப்யூஸுக்குப் பதில் கட்டிய கம்பி எல்லாம் தெரியவரும். பின்னால் வோல்டேஜ் தேர்வுக் கட்டை இருந்தால் அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். 110-ல் நிற்கும் செட்டுக்கு 230 கொடுத்தால் அங்கேயே கதை முடிந்தது.

இதெல்லாம் சரியான பிறகும், தொடராக ஒரு பல்பு இணைத்து அதன் வழியாகவே முதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. பல்பு சற்றே ஒளிர்ந்து மங்கினால் நல்லது. முழுப் பிரகாசத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணையுங்கள். இந்த வேலை பழக்கமில்லாதவர்கள் விவரம் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

3. முதல் தடவையா வாங்கப் போறேன். என்ன பார்த்து வாங்கணும்?

பாடுகிறதா என்று பார்க்காதீர்கள், முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். நாப், டயல் கண்ணாடி, பின்பலகை, ஸ்பீக்கர் துணி, கம்பெனிச் சின்னம் எல்லாம் அந்தந்த மாடலுக்கே செய்யப்பட்டவை. மின்பாகம் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். உடைந்த டயல் கண்ணாடிக்கு அதே மாடலில் இன்னொரு செட்டைத் தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டும். வாய் மூடிக் கிடக்கும் முழு செட், பாடுகிற அரைகுறை செட்டைவிட மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 1950-களின் நாலைந்து வால்வு டேபிள் செட், அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளது. அந்தக் காலத்து வால்வுகள் ஏராளமாகத் தயாரானவை, இன்றும் கிடைக்கின்றன. 1920-களின் பேட்டரி செட்டுகள் அழகுதான். ஆனால் அவற்றுக்கு இழைக்கு ஒரு மின்னழுத்தம், தகட்டுக்கு வேறொன்று என்று தனித்தனியாக வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

4. எந்த வருஷத்து ரேடியோன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாடல் எண் பின்பலகையிலோ, பாகங்கள் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலோ இருக்கும். அது இல்லாவிட்டாலும் வால்வுகளே சொல்லிவிடும். எட்டு முள்ளும் நடுவில் சாவி போன்ற குச்சியும் உள்ள ஆக்டல் அடிப்பகுதி 1935-ல் வந்தது. ஸ்டேஷன் சரியாக நிற்கும்போது பச்சையாக விரிந்து சுருங்கும் மேஜிக் ஐ வால்வும் அதே வருடம்தான். அடிக்கட்டை இல்லாமல் கண்ணாடியிலிருந்தே முள் நீளும் ஒன்பது முள் சிறு வால்வுகள் இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செட்.

ஐரோப்பிய வால்வுப் பெயரில் முதல் எழுத்தைக் கவனியுங்கள். 'இ' என்று தொடங்கினால் (இஎல் 84, இசிஎச் 81) ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்கும் இழை) 6.3 வோல்ட். 'யு' என்று தொடங்கினால் (யுஎல் 84, யுசிஎச் 81) எல்லா ஹீட்டர்களும் ஒரே சரமாக 100 மில்லி ஆம்பியரில் ஓடும். 'டி' என்றால் பேட்டரி வால்வு. அமெரிக்க வால்வுகளில் முன்னால் நிற்கும் எண்ணே ஹீட்டர் வோல்ட்டைக் காட்டும். 'யு' வரிசையைக் கண்டால் ஆறாவது கேள்விக்குப் போய்விட்டு வாருங்கள்.

டயலில் அச்சான ஊர்ப் பெயர்களும் உதவும். ஹில்வர்சும், பெரோமுன்ஸ்டர், அத்லோன் என்று ஊர்கள் வரிசையாக இருந்தால் அந்த செட் ஐரோப்பிய நேயர்களுக்காகச் செய்யப்பட்டது. எஃப்எம் பேண்டும் இருந்தால் பெரும்பாலும் 1950-களோ அதற்குப் பிறகோதான்.

5. வால்வு எல்லாம் எரியுது, சத்தம்தான் வரலை. வால்வு போயிடுச்சா?

ஹீட்டர் எரிவதற்கும் வால்வு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் குற்றவாளி வால்வாக இருப்பது குறைவுதான். ஸ்பீக்கர் இணைப்பு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் அறுந்த சுருள், அழுக்கேறிய பேண்ட் ஸ்விட்ச், மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்று பளபளக்கும். அது பால்வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. மற்றபடி சந்தேகத்தின் பேரில் ஒரு முழு செட் வால்வு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

6. நாப் திருகைத் தொட்டப்போ ஷாக் அடிச்சுது. இது சகஜமா?

சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலாவது பதிலில் சொன்ன 'யு' வரிசை செட்டுகளிலும், ஹீட்டர் எண்களைக் கூட்டினால் 120 அருகே வரும் அமெரிக்க ஐந்து வால்வு செட்டுகளிலும் மின்சப்ளை டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பிளக்கின் ஒரு முனை நேராகவோ ஏறக்குறைய நேராகவோ சேஸிஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுவதும் உயிர் மின்சாரத்தில் இருக்கும். இப்படிப்பட்ட செட்டில் மரப்பெட்டி, பிளாஸ்டிக் நாப், பின்பலகை மூன்றும்தான் உங்களுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்கும் காவல். திருகின் மேலே அடைத்திருந்த மெழுகு விழுந்திருந்தாலும், நாப் இல்லாமல் இரும்பு அச்சு வெளியே தெரிந்தாலும் ஆபத்து. பின்பலகை இல்லாத இந்த வகை செட்டை வீட்டில் மின்சாரத்தில் வைக்கவே கூடாது.

இதற்கு எர்த் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று உடனே கேட்பார்கள். இந்த வகையில் சேஸிஸுக்கு எர்த் கொடுக்கக் கூடாது, நேரடி ஷார்ட் ஆகிவிடும். பழுது பார்க்கும்போது, வீட்டு மின்லைனோடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே மின்சாரம் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டிலேயே ஷாக் அடித்தால், மின்கம்பியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கண்டென்சர் கசிகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் 'ஒய்' வகைப் பாதுகாப்புக் கண்டென்சர் தவிர வேறெதுவும் போடக் கூடாது.

7. எதையெல்லாம் மாத்தியே ஆகணும்? எது கெட்டதோ அதை மட்டும் மாத்தினா போதாதா?

கெட்டதை மட்டும் மாற்றலாம், இரண்டு விதிவிலக்குகளோடு. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு சிறு கண்டென்சர் இருக்கும். அது துளி கசிந்தாலும் கிரிட் நேர்மின் பக்கம் போய்விடும், வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், தகடு சிவக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். காகித வகையாக இருந்தால் சோதிக்காமலே மாற்றுங்கள். மின்கம்பிக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சரையும் அதோடு மாற்றிவிடுங்கள். எலக்ட்ரோலைட்டிக்குகளைக் குறைந்த மின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். தேறினால் வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதானால் பழைய மதிப்பையே போடுங்கள். பெரிதாகப் போட்டால் ஹம் என்ற உறுமல் குறையும் என்று நினைத்து, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் வால்வைக் கொல்கிறவர்கள் நிறைய.

மைக்கா, செராமிக் கண்டென்சர்களைச் சும்மா விடுங்கள். ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) சுருள்களின் திருகுகளைச் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

8. புதுப் பாகம் போட்டா ஒரிஜினல் மதிப்பு போயிடாதா?

போகாது. தெரிந்த சேகரிப்பாளர் யாரும் பாதுகாப்புக்கு மாற்றிய கண்டென்சரைக் குறையாகச் சொல்ல மாட்டார். தோற்றமும் மாறக் கூடாது என்றால் பழைய கண்டென்சரின் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் புதியதை வைத்து மெழுகால் மூடலாம். பொறுமை வேண்டும். முடித்துப் பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். கழற்றியவற்றை ஓர் உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி, செட்டோடு வையுங்கள். அடுத்து வருபவருக்கு அது உங்கள் கடிதம்.

9. பெட்டியைச் சுரண்டிட்டுப் புதுசா பாலிஷ் போடலாமா?

கடைசி வழியாக மட்டும். முதலில் தூசி, பிறகு சற்றே ஈரமான துணி, பிறகு மெழுகு பாலிஷ். முக்கால்வாசிப் பெட்டிகளுக்கு இதுவே போதும். பழைய பூச்சு எதுவென்று தெரிய வேண்டுமானால் மறைவான இடத்தில் ஒரு துளி ஆல்கஹால் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. அப்படியென்றால் அதன் மேலேயே புது ஷெல்லாக்கைத் தேய்த்துப் பூச்சை எழுப்பிவிடலாம், சுரண்ட வேண்டியதில்லை. மணற்காகிதத்தை எடுத்தால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற மெல்லிய மரப்படலமான வினீர் ஒரு நிமிடத்தில் தேய்ந்துபோகும். அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மரத்தில் பூச்சித் துளையும் புதிய மாவும் தெரிந்தால் உடனே மற்ற செட்டுகளிடமிருந்து பிரித்து வையுங்கள். சேஸிஸைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைப்பது ரசாயனமில்லாத வழி. எடுத்த பிறகு அறை வெப்பநிலைக்கு வரும்வரை சுற்றைப் பிரிக்கக் கூடாது.

10. பேக்கலைட், கேட்டலின் ரெண்டும் ஒண்ணா?

உறவுதான். லியோ பேக்லண்ட் 1907-ல் கண்டுபிடித்த பேக்கலைட்டில் மரத்தூள் போன்ற நிரப்பி சேர்த்து அச்சில் அழுத்துவார்கள். அதனால் பழுப்பு, கறுப்பு போன்ற அடர் நிறங்களே வரும். வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்து 1934-ல் வந்த எக்கோ ஏடி 65 என்ற வட்ட ரேடியோ பேக்கலைட்டின் அழகுக்கு நல்ல சாட்சி. கேட்டலின் நிரப்பி இல்லாமல் வார்க்கப்பட்டது, ஒளி ஊடுருவும், பளிச்சென்ற நிறங்களில் வரும். ஃபாடா போன்ற கம்பெனிகளின் கேட்டலின் செட்டுகளுக்கு இன்று பெரிய கிராக்கி.

கேட்டலின் வருடத்தோடு மஞ்சளாகும், சுருங்கும். சுருங்கும் பெட்டி உள்ளிருக்கும் சேஸிஸை இறுக்கி விரிசல் விடும், வால்வுச் சூடும் அதை வெடிக்க வைக்கும். அதனால் கேட்டலின் செட்டை நீண்ட நேரம் ஓட விடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். பேக்கலைட்டுக்கு மென்மையான பாலிஷ் போதும். அமோனியா கலந்த திரவம் இரண்டுக்குமே வேண்டாம்.

11. டயல் கண்ணாடியைத் தண்ணி விட்டுத் துடைக்கலாமா?

முன்பக்கம் மட்டும். எழுத்துகள் அச்சாகியிருக்கும் பின்பக்கத்தை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுவதோடு நிறுத்துங்கள். ஒரே துடைப்பில் அத்தனை ஊரும் அழிந்துவிடும்.

12. வீட்டில் எங்கே வைக்கிறது? ஹாலில் ஜன்னல் பக்கம் அழகா இருக்கும்னு நினைக்கிறேன்.

ஜன்னல் வெயில் வினீரை வெளுக்கும், ஸ்பீக்கர் துணியை இற்றுப்போகச் செய்யும், கேட்டலினை என்ன செய்யும் என்று மேலேயே பார்த்தோம். சமையலறைப் புகை படும் இடமும் வெளிச்சுவரின் ஈரமும் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவிகிதத்துக்குள் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தால் மரமும் பசையும் நிம்மதியாக இருக்கும். அலமாரித் தட்டின் பலத்தைக் கணக்குப் பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் நல்ல கனம். ஓட விடும் செட்டின் பின்னால் காற்றோட்டத்துக்கு ஒரு கையகலமாவது விடுங்கள். மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்காதீர்கள்.

பத்து செட்டை நெருக்கி அடுக்குவதைவிட மூன்றை இடம் விட்டு வைத்தால் ஒவ்வொன்றும் கண்ணில் நிற்கும். ஒரு செட்டை மட்டுமாவது பின்பக்கம் தெரியும்படி கண்ணாடிப் பெட்டியில், மின்சாரம் இல்லாமல் வைத்துப் பாருங்கள். வருகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

13. சும்மா வெச்சா கெட்டுப்போகுமாமே, அப்பப்போ ஓட விடணுமா?

சரி செய்த செட் என்றால் ஆமாம். மாதம் ஒரு முறை அரைமணி நேரம் பாடினால் எலக்ட்ரோலைட்டிக்குகள் உயிரோடு இருக்கும், ஈரமும் போகும். அந்த நேரம் அறையில் நீங்கள் இருங்கள், முடிந்ததும் பிளக்கை உருவிவிடுங்கள். மேஜிக் ஐ மட்டும் ஓட ஓட மங்கும். அதைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்.

14. சரி பண்ணியாச்சு, ஆனா மீடியம் வேவில் ஒண்ணுமே கிடைக்கலையே?

செட்டைக் குறை சொல்லாதீர்கள். பல நாடுகளில் மீடியம் வேவ் ஒலிபரப்பு குறைந்துகொண்டே வருகிறது. ஜெர்மனியின் டாய்ச்லான்ட்ஃபுங்க் 2015 டிசம்பர் கடைசியோடு நிறுத்திவிட்டது. மிச்சமிருப்பதையும் எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து கரகரப்பில் மூழ்கடிக்கின்றன. அவற்றை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வெளியே சில மீட்டர் கம்பி ஏரியல் கட்டிப் பாருங்கள். இரவில் தொலைதூர ஸ்டேஷன்கள் எட்டும். அப்படியும் இல்லையென்றால் அறைக்குள் மட்டும் கேட்கும் குறைதிறன் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வைத்து, உங்களுக்குப் பிடித்த பாட்டை மீடியம் வேவிலேயே அனுப்பலாம். உங்கள் நாட்டு விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

15. உள்ளே புளூடூத் போர்டு வெச்சுடலாமா?

சேஸிஸைப் பிடுங்கிவிட்டு வைப்பதென்றால் தயவுசெய்து வேண்டாம். உயிரோடு மீளக்கூடிய ஒரு செட்டை ஸ்பீக்கர் பெட்டியாக்குவது எனக்கு மனசு கேட்காத காரியம். நிறைய செட்டுகளின் பின்னால் கிராமஃபோன் பிக்கப் சாக்கெட் இருக்கும். வெளியே ஒரு சிறு ரிசீவரை வைத்து அதில் இணைத்தால் வால்வு வழியாகவே பாட்டு வரும், எதையும் துளைக்க வேண்டாம். ஆனால் ஆறாவது கேள்வியில் சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் இதைச் செய்தால் அந்த வயர் வழியே உயிர் மின்சாரம் உங்கள் கைக்கு வரும். அவற்றுக்கு முந்தின பதிலில் சொன்ன டிரான்ஸ்மிட்டர்தான் வழி.

16. எப்போ விற்கத் தொடங்கணும்? மனசே வரமாட்டேங்குது.

எந்த செட்டை ஒரு வருடமாகத் தொடவில்லையோ, எதைச் சரி செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களோ, அதிலிருந்து தொடங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு இருந்தால் நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பைக் கலைப்பதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கனமான செட்டைத் தூக்கவும், வாங்க வருபவரிடம் உட்கார்ந்து பேசவும், அவர் கையில் அது பத்திரமாக இருக்குமா என்று எடைபோடவும் உங்களால் முடிகிற காலத்தில்தான் யாருக்குத் தருவது என்ற தேர்வு உங்களிடம் இருக்கும்.

17. என்ன விலை சொல்றது? 'நல்லா வேலை செய்யுது'ன்னு போடலாமா?

பிறர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதே மாடல் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். வயது மட்டும் விலையைத் தூக்காது. லட்சக்கணக்கில் தயாரான சாதாரண டேபிள் செட் எத்தனை பழசானாலும் சாதாரண விலைக்குத்தான் போகும். வடிவமைப்பு, நிறம், அரிது என்ற மூன்றும்தான் பேசும். ரேடியோவும் கிராமஃபோனும் ஒரே பெட்டியில் இருக்கும், அறையை அடைக்கும் பெரிய ரேடியோகிராம்களுக்கு இடமில்லாத காரணத்தாலேயே வாங்க ஆளில்லை.

'வேலை செய்கிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த பேண்டில் ஸ்டேஷன் கிடைக்கிறது, எந்தக் கண்டென்சர்களை மாற்றியிருக்கிறீர்கள், எந்த வால்வு ஒரிஜினல், டிரான்ஸ்ஃபார்மர் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். பின்பலகை கழற்றிய படமும், விரிசல்களின் நெருக்கமான படமும் போடுங்கள். மின்சாரம் கொடுத்துப் பார்க்காத செட் என்றால் அதையும், இரண்டாவது பதிலில் உள்ள எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

18. வெளியூருக்கு எப்படி அனுப்பறது?

முடிந்தால் அனுப்பாதீர்கள், அவரையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் வால்வுகளை எந்த சாக்கெட்டிலிருந்து எடுத்தது என்று குறித்துவைத்து, தனியாகச் சுற்றுங்கள். சேஸிஸ் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். தளர்ந்த சேஸிஸ் ஒரே குலுக்கலில் பெட்டியை உள்ளிருந்தே உடைத்துவிடும். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் மெத்தை. கேட்டலினை அனுப்பவே வேண்டாம்.

19. மியூசியத்துக்குக் கொடுத்துட்டா பத்திரமா இருக்கும்ல?

எல்லா அருங்காட்சியகமும் எல்லாவற்றையும் ஏற்காது. அவர்களிடம் ஏற்கெனவே அந்த மாடல் இருக்கலாம், இடமும் இல்லாமல் இருக்கலாம். முன்கூட்டியே படமும் விவரமும் அனுப்பிக் கேளுங்கள். கொடுத்த பொருள் கிடங்கிலேயே இருக்கலாம், பின்னால் விலக்கவும் படலாம். இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு எழுத்து மூலமான ஒப்படைப்போடு கொடுங்கள். யார் வாங்கினார்கள், எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சியைக் கேட்டார்கள் என்ற கதையும் ரசீதும் பழைய புகைப்படமும் சேர்ந்து வந்தால் அதே செட்டை அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

20. எனக்கப்புறம் வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வம் இல்லை. என்ன பண்றது?

அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் திணறாமல் இருக்க ஒரு நோட்டு எழுதி வையுங்கள். செட் வாரியாக மாடல், என்ன சரி செய்தது, ஏறக்குறைய என்ன பெறும், யாரிடம் கேட்கலாம் என்ற விவரம் இருந்தால் போதும். மின்சாரம் கொடுக்கக் கூடாத செட்டுகளின் வயரில் ஒரு அட்டையைக் கட்டுங்கள். துக்க வீட்டில் யாரோ ஒருவர் ஞாபகார்த்தமாக ஓட விட்டுப் பார்க்க நினைப்பார், அந்த அட்டை அவரைக் காப்பாற்றும். ஏதாவது ஒன்றை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்று நினைத்தால் இப்போதே கொடுத்து, எப்படி ட்யூன் செய்வது என்று கூட உட்கார்ந்து காட்டுங்கள்.

21. எதுக்கும் உதவாத செட்டை என்ன செய்யறது? குப்பையில் போடலாமா?

அப்படியே போடாதீர்கள். வால்வு, நாப், டயல் கண்ணாடி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஐஎஃப் சுருள், ஸ்பீக்கர் எல்லாம் வேறு செட்டுகளுக்கு உயிர் கொடுக்கும். மாடல் எண்ணோடு பொட்டலம் கட்டிப் பழுது பார்ப்பவர்களிடம் கொடுங்கள்.

பிரிக்கும்போது சிலவற்றில் கவனம் வேண்டும். வால்வுக்கு மேலே பெட்டியின் கூரையில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாள் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சுரண்டாதீர்கள். சில பழைய செட்டுகளில் வரும் சூடாகும் மின்கம்பிக்குள்ளும் அது உண்டு, வெட்டாதீர்கள். அடுக்குத் தகடுகளாக இருக்கும் செலினியம் ரெக்டிஃபையர் கருகினால் வரும் புகை நச்சு. முலாம் பூசிய சேஸிஸில் மஞ்சளாகப் பொடி பூத்திருந்தால் அது காட்மியமாக இருக்கலாம், ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், கையுறை போடுங்கள். மீதியை மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கும்போது பழைய எண்ணெய்க் கண்டென்சர்களைத் தனியாகக் காட்டிச் சொல்லிவிடுங்கள். பெட்டி மட்டும் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதே மாடலின் நல்ல சேஸிஸை வைத்துக்கொண்டு, உடைந்த பெட்டிக்கு மாற்றுத் தேடுகிறவர் யாராவது இருப்பார்.